வால்வும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர்: வீட்டில் செய்ய விரும்புபவர்களின் கேள்விகள்

வால்வு, டிரான்சிஸ்டர் இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஏன் சேர்க்க வேண்டும்?

வால்வு, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாய், மின்னழுத்தத்தைப் பெருக்குவதில் கெட்டிக்காரன், மின்னோட்டம் தருவதில் கஞ்சன். ஒரு சிறிய டிரையோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் கேதோடு, அவற்றைக் கட்டுப்படுத்தும் கிரிட், பெற்றுக்கொள்ளும் ஆனோடு என மூன்று மின்முனைகள் கொண்ட வால்வு) சில மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. ஸ்பீக்கருக்கோ ஆம்பியர் கணக்கில் வேண்டும். முழு வால்வு ஆம்ப்ளிஃபயரில் இந்த இடைவெளியை வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் நிரப்புகிறது. நல்ல வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, விலை அதிகம், வீட்டில் சுற்றுவதும் கடினம். கலப்பு ஆம்ப்ளிஃபயரில் அந்த இடத்தை ஒரு மாஸ்ஃபெட்டோ (டிரான்சிஸ்டரில் ஒரு வகை) பவர் ஐசியோ (முழுப் பெருக்கியையும் ஒரே சில்லில் அடக்கியது) எடுத்துக்கொள்கிறது. மின்னழுத்தம் வால்வின் வேலை, மின்னோட்டம் டிரான்சிஸ்டரின் வேலை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் பெட்டியின் எடையும் செலவும் வெகுவாகக் குறைந்துவிடும்.

இது அண்மைக் காலத்து யோசனையா?

இல்லை. டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1950களின் பிற்பகுதியிலேயே கார் ரேடியோக்களில் இரண்டும் ஒன்றாக இருந்தன. காரின் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஆனோடு இயங்கும்படி தனி வால்வுகளைச் செய்தார்கள். ஸ்பீக்கரை இயக்க மட்டும் ஒரு ஜெர்மேனியம் பவர் டிரான்சிஸ்டர். மின்னழுத்தத்தை உயர்த்துவதற்காக அதுவரை வைத்திருந்த, அடிக்கடி பழுதாகும் வைப்ரேட்டர் இதனால் தேவையற்றுப் போனது. அன்றும் காரணம் ஒலியின் இனிமை அல்ல, சிக்கனம்தான்.

முன்னால் ஒரு வால்வைச் சேர்த்தால் ‘வால்வு ஒலி’ வந்துவிடுமா?

நிறையப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். பதில், அந்த வால்வை எவ்வளவு உழைக்க வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டிரையோடு உண்டாக்கும் உருக்குலைவில், அதாவது சிக்னலின் வடிவம் மாறுவதில், பெரும்பகுதி இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் ஒரு எட்டுச்சுரம் மேலே ஒலிக்கும் மென்மையான நிழல். சிக்னல் பெரிதாகப் பெரிதாக இதுவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். வால்வு 1 வோல்ட் மட்டும் கொடுத்து, மீதியை ஐசி பெருக்கினால் அந்த நிழல் மிக மெலிதாகவே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கண்டுபிடிப்பது சிரமம். அதே வால்வு 15 வோல்ட் கொடுத்து, டிரான்சிஸ்டர் எதையும் பெருக்காமல் மின்னோட்டத்தை மட்டும் சேர்த்தால், வால்வின் தன்மை காதுக்குத் தெரியத் தொடங்கும்.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் குணத்தில் பெரும்பங்கு வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும், ஸ்பீக்கர் சந்திக்கும் அதிக வெளியீட்டு மின்மறுப்பிலிருந்தும் (மாறுமின்சாரத்துக்கு ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு காட்டும் தடை) வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கலப்பு ஆம்ப்ளிஃபயரில் அவை இரண்டுமே இல்லை. எனவே மாயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் நன்றாக ஒலிக்கும் ஆம்ப்ளிஃபயர் கிடைக்கும். அதுவே போதுமானது என்பது என் கருத்து.

முதன்முறை செய்பவர் எதில் தொடங்கலாம்?

ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரில். 12ஏயு7 வால்வு, ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட், எல்எம்317 ஐசி என்ற மூவர் கூட்டணி உலகம் முழுவதும் பொழுதுபோக்காளர்கள் செய்து பழகியது. எல்லாம் 12 வோல்ட்டில் இயங்கும். ஷாக் அடிக்கும் மின்னழுத்தம் பெட்டிக்குள் எங்கும் இல்லை.

வால்வின் வெளியீடு மாஸ்ஃபெட்டின் உள்ளீட்டு முனையான கேட்டுக்குப் போகிறது. மாஸ்ஃபெட் பின்தொடர்வியாக நிற்கிறது. அதாவது மின்னழுத்தத்தைப் பெருக்காமல் மின்னோட்டத்தை மட்டும் தருகிறது. அதன் வெளியீடான சோர்ஸ் முனைக்குக் கீழே எல்எம்317 மாறாத மின்னோட்ட மூலமாக இருக்கிறது. அதன் கணக்கு எளிது: 1.25 வோல்ட்டை மின்தடையின் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம். 5 ஓம் போட்டால் 250 மில்லி ஆம்பியர். ஒரு சேனலுக்கு 12 வோல்ட், 250 மில்லி ஆம்பியர் என்றால் 3 வாட். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த 3 வாட் சூடாகத்தான் வெளியேறும். கிளாஸ் ஏ, அதாவது சிக்னல் இல்லாதபோதும் முழு மின்னோட்டம் ஓடும் முறை, என்றால் அப்படித்தான். மாஸ்ஃபெட்டுக்கும் எல்எம்317க்கும் ஹீட்சிங்க் கட்டாயம்.

12 வோல்ட்டில் வால்வு உண்மையிலேயே வேலை செய்கிறதா, காட்சிப்பொருளா?

வேலை செய்கிறது, அரைகுறையாக. 12ஏயு7 சாதாரணமாக 100 முதல் 250 வோல்ட் வரை எதிர்பார்க்கும் வால்வு. 12 வோல்ட்டில் அதன் ஆனோடு மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரின் சிறு பகுதிதான். பெருக்கம் குறையும், உருக்குலைவு கூடும், ஒரு வால்வுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு அதிகமாகத் தெரியும். ஹெட்ஃபோனுக்குத் தேவையான சிறிய சிக்னலுக்கு அது தாங்கும். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்குத் தாங்காது. குறைந்த மின்னழுத்தத்திலேயே ஒழுங்காக இயங்க வேண்டுமென்றால் கார் ரேடியோவுக்காகப் பிறந்த இசிசி86 இருக்கிறது; ஆனால் அது இப்போது தயாரிப்பில் இல்லை, பழைய இருப்பைத்தான் தேடவேண்டும்.

சில மலிவான பெட்டிகளில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்இடி எரியும். வால்வுக்குள் கேதோடைச் சூடாக்கும் ஹீட்டரின் வெளிச்சம் அவ்வளவு பளிச்சென்று இருக்காது.

ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கு எந்த வால்வு நல்லது?

என் தேர்வு 12ஏயு7, ஐரோப்பியப் பெயரில் இசிசி82. பெருக்கக் காரணி, அதாவது அந்த வால்வால் முடிந்த அதிகபட்சப் பெருக்கம், 17 முதல் 20 வரை. கலப்பு ஆம்ப்ளிஃபயருக்கு அது அளவானது. 12ஏஎக்ஸ்7, அதாவது இசிசி83, பிரபலமானது என்பதற்காகப் பலர் வாங்கிவிடுகிறார்கள். அதன் காரணி 100. கிடாருக்கு அருமை, இங்கே தேவைக்கு மிஞ்சிய பெருக்கமும் அதனோடு இரைச்சலும்தான் கிடைக்கும். 6டிஜே8, அதாவது இசிசி88, 90 வோல்ட் அளவிலேயே நன்றாக இயங்கும், காரணி 33. உயர் மின்னழுத்தத்தைக் குறைவாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அது பொருந்தும்.

12ஏயு7, 12ஏஎக்ஸ்7 இரண்டும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் புதிதாகத் தயாராகின்றன. பழைய வால்வுக்குச் சொத்தை எழுதிவைக்க வேண்டிய அவசியமில்லை.

வால்வு நிலையின் மின்தடை மதிப்புகள் எப்படி இருக்கவேண்டும்?

ஒரு எடுத்துக்காட்டு. 12ஏயு7, 200 வோல்ட் வழங்கல், ஆனோடில் 47 கிலோ ஓம், கேதோடில் 1.5 கிலோ ஓம், கிரிட்டிலிருந்து தரைக்கு 470 கிலோ ஓம். இந்த அமைப்பில் ஏறக்குறைய 2.2 மில்லி ஆம்பியர் ஓடும். ஆனோடு 100 வோல்ட்டை ஒட்டியும் கேதோடு 3.3 வோல்ட்டை ஒட்டியும் நிற்கும். மல்டிமீட்டரில் இந்த இரண்டையும் பார்த்தாலே வால்வு நலமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம், வால்வுகள் அப்படித்தான்.

கேதோடு மின்தடைக்கு இணையாக 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் பெருக்கம் 15 அளவில் இருக்கும். எடுத்துவிட்டால் 10 அளவுக்கு இறங்கும், உருக்குலைவும் குறையும். இங்கே ஒரு கணக்கு உதவும். 8 ஓம் ஸ்பீக்கரில் 30 வாட் வேண்டுமென்றால் அதன் முனைகளில் 15.5 வோல்ட் வேண்டும். சிடி பிளேயர் போன்ற கருவிகள் 2 வோல்ட் வரை தருகின்றன. ஆக மொத்தம் எட்டு மடங்கு பெருக்கம் போதும். பத்து மடங்கு தரும் ஒரே ஒரு டிரையோடு இந்த வேலையை முடித்துவிடுகிறது. அதற்குப் பின்னால் நிற்கும் டிரான்சிஸ்டர்கள் பெருக்கவே தேவையில்லை. கலப்பு ஆம்ப்ளிஃபயரின் மிகச் சுத்தமான வடிவம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: இப்படி நிற்கும் டிரையோடின் வெளியீட்டு மின்மறுப்பு 20 கிலோ ஓம் அளவில் இருக்கும். பவர் மாஸ்ஃபெட்டின் கேட்டில் சில நூறு பிகோ ஃபாரட் கொள்ளளவு உண்டு. இரண்டும் சேர்ந்து உயர் சுரங்களைத் தின்றுவிடும். 12ஏயு7க்குள் இரண்டு டிரையோடுகள் இருப்பதால், இரண்டாவதைக் கேதோடு பின்தொடர்வியாக வைத்து மாஸ்ஃபெட்டை இயக்குங்கள். அப்படியானால் சேனலுக்கு ஒரு வால்வு. ஒரே வால்வை இரண்டு சேனலுக்கும் பங்கிட்டு மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில் சரிவராது.

எல்எம்3886 போன்ற பவர் ஐசியை வைத்தால் வேலை சுலபமாகுமே?

ஆகும். வெளியீட்டு மாஸ்ஃபெட்டுகளின் ஓய்வு மின்னோட்டத்தை (சிக்னல் இல்லாதபோது ஓடுவதை) சரிசெய்யும் தலைவலி இல்லை, பாதுகாப்புச் சுற்று உள்ளேயே இருக்கிறது. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் எதிர்ப்பின்னூட்டமும் ஐசியின் எல்லைக்குள்ளேயே இருக்கும்.

சிக்கல் பெருக்கத்தில். எல்எம்3886, எல்எம்1875 இரண்டும் நிலையாக இருக்கக் குறைந்தது 10 மடங்கு பெருக்கம் வேண்டும் என்று அவற்றின் தரவுத்தாளே சொல்கிறது. பலர் 20 வைக்கிறார்கள். முன்னால் வால்வு 15 மடங்கு பெருக்கினால் மொத்தம் 300. தேவை வெறும் எட்டு. ஒலிக் கட்டுப்பாட்டை ஒரு முடி அளவு திருப்பியதும் வீடு அதிரும். பாட்டில்லாத நேரத்தில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் நிற்காது. வாங்கிய கிட்டுகள் பலவற்றில் இதே குறையைப் பார்க்கலாம்.

இரண்டு வழிகள் உண்டு. வால்வைக் கேதோடு பின்தொடர்வியாக மட்டும் வைப்பது ஒன்று. அப்போது பெருக்கம் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, இரைச்சல் இல்லை, வால்வின் குணமும் அநேகமாக இல்லை. வால்வைப் பெருக்கவிட்டு, அதற்குப் பின், ஐசிக்கு முன், இரண்டு மின்தடைகளால் சிக்னலைக் குறைப்பது மற்றொன்று. இரண்டாவதில் வால்வும் உழைக்கிறது, அதன் இரைச்சலும் சிக்னலோடு சேர்ந்து குறைகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

உயர் மின்னழுத்தத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. வால்வுகள் கேட்பது மொத்தமே பத்து மில்லி ஆம்பியர் அளவு. பவர் ஆம்ப்ளிஃபயருக்கான 25-0-25 வோல்ட் சுற்றின் ஒரு முனையிலிருந்து டையோடும் கெப்பாசிட்டரும் கொண்ட நான்கு மடங்கு பெருக்கியைக் கட்டினால் 140 வோல்ட் அளவில் கிடைக்கும். எடுத்துக்காட்டில் சொன்ன 200 வோல்ட்டை விடக் குறைவுதான். ஐசிக்கு முன் நிற்கும் வால்வுக்கு ஏராளம்.

200 வோல்ட் வேண்டுமென்றால் இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களை முதுகோடு முதுகு சேர்க்கலாம். முதலாவது மின்னழுத்தத்தைக் குறைக்கும், தலைகீழாக இணைத்த இரண்டாவது அதை மீண்டும் உயர்த்தும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக டையோடு வழியாக எடுத்து வால்வுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் உள்ளீட்டு ஜாக்கைத் தொடுவது மின்கம்பியைத் தொடுவதற்குச் சமம். வேரியாக் எனப்படும் மாறு டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்துவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

எவ்வளவு ஆபத்தானது?

உயிரை எடுக்கும் அளவுக்கு. இதை மென்மையாகச் சொல்வதில் பயனில்லை. 150 வோல்ட் நேர்மின்சாரம், பின்னால் 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது காத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கெப்பாசிட்டருக்கு இணையாக 100 கிலோ ஓம், 1 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகச் சாலிடர் செய்துவிடுங்கள். அரை நிமிடத்துக்குள் அது மின்னூட்டத்தை வடித்துவிடும். அதன் பிறகும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்துத்தான் கை வைக்கவேண்டும், ஏனென்றால் அந்த மின்தடையின் சாலிடரே விட்டுப்போயிருக்கலாம். மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் கருப்பு முனையைக் கிளிப்பால் தரையில் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் அளக்கவும், மற்றொரு கை பெட்டியைத் தொடாதிருக்கட்டும். உலோகப் பெட்டிக்கு மின் இணைப்பின் எர்த் கம்பியைத் திருகி இறுக்கவேண்டும். ‘ஹம்’ என்ற தொடர் முணுமுணுப்புத் தொல்லைக்காகக்கூட அதைக் கழற்றக்கூடாது. முதன்மைச் சுற்றில் ஃபியூஸ் இல்லாத பெட்டி முடிந்த பெட்டி அல்ல.

இவை பழக்கமாகும்வரை 12 வோல்ட் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரோடு நின்றுகொள்வதில் குறைவொன்றும் இல்லை.

ஹீட்டருக்கு மாறுமின்சாரமா, நேர்மின்சாரமா?

நேர்மின்சாரம் என்றால் ‘ஹம்’ தொல்லையின் ஒரு வாசல் அடைபடுகிறது. 12ஏயு7 ஹீட்டர் 12.6 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர், அல்லது 6.3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் எடுக்கும். எல்எம்317இல் 220 ஓம், 2 கிலோ ஓம் இணையைப் போட்டால் 12.6 வோல்ட்டை ஒட்டி வரும். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. ஹீட்டர் குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு என்பதால் முதல் சில நொடிகளில் மின்னோட்டம் அதிகமாக இருக்கும்.

இடையில் வரும் கெப்பாசிட்டரில் கவனிக்க என்ன இருக்கிறது?

இரண்டு விஷயங்கள். முதலாவது மதிப்பு: அடுத்த நிலையின் உள்ளீடு 22 கிலோ ஓம் என்றால் 1 மைக்ரோ ஃபாரட் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 0.1 போட்டால் 72 ஹெர்ட்ஸிலேயே தாழ்சுரம் கரையத் தொடங்கும். முழு வால்வுச் சுற்றுகளில் 0.1 போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அங்கே அடுத்த கிரிட்டின் மின்தடை மிக அதிகம். பழைய வரைபடத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் இங்கே இடறுகிறார்கள்.

இரண்டாவது தாங்கும் மின்னழுத்தம். ஆனோடு 100 வோல்ட்டில் நிற்கிறதே என்று 100 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கக்கூடாது. வால்வு சூடாகும்வரை மின்னோட்டம் ஓடாது, எனவே ஆனோடு முழு 200 வோல்ட்டில் நிற்கும். 400 வோல்ட் பாலிப்ராப்பிலீன் வாங்கினால் நிம்மதி. இதில் விலையுயர்ந்த பிராண்டுகளுக்குக் காசைக் கொட்டுவதை விட அந்தப் பணத்துக்குப் பெரிய ஹீட்சிங்க் வாங்கலாம்.

சுவிட்ச் போட்டதும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்கிறது. ஏன்?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இது. தொடக்கத்தில் முழு மின்னழுத்தத்துக்கு ஏறிய ஆனோடு, வால்வு சூடானதும் பாதிக்கு இறங்குகிறது. அந்த ஏற்றமும் இறக்கமும் கெப்பாசிட்டர் வழியாக அடுத்த நிலைக்குள் பாய்கின்றன. டிரான்சிஸ்டரோ அதற்கு முன்பே தயாராகி நிற்கிறது. ஸ்பீக்கர் கோன் முன்னே பாய்வது மட்டுமல்ல, மாஸ்ஃபெட்டின் கேட் துளைபட்டுவிடவும் கூடும். சாதாரண மாஸ்ஃபெட்டின் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே, மின்னழுத்தத்தை அதற்கு மேல் ஏறவிடாத 12 வோல்ட் ஜீனர் டையோடு, ஸ்பீக்கருக்கு முன் 30 நொடி தாமதத்தோடு இணையும் ரிலே. இரண்டும் வேண்டும். ஸ்பீக்கரில் நேர்மின்சாரம் வந்தால் துண்டிக்கும் வசதியும் உள்ள பாதுகாப்புப் பலகை கிடைத்தால் அதையே வைத்துவிடுங்கள்.

ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

எல்எம்3886ஐ ±25 வோல்ட்டில், 8 ஓமுக்கு இயக்கினால் ஒரு ஐசியின் உச்ச வெப்பம் 16 வாட் அளவு. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அது இரட்டிப்பாகும். கிளாஸ் ஏ கணக்கு இன்னும் கொடூரம்: 24 வோல்ட்டில் 1 ஆம்பியர் ஓய்வு மின்னோட்டம் வைத்தால் 24 வாட் எப்போதும் வெப்பமாகும்; அதிலிருந்து 8 ஓமில் கிடைப்பது 4 வாட் இசை. கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியாத ஹீட்சிங்க் சிறியது. வால்வு சூடாக இருப்பது இயல்பு; அதன் மேல் காற்றுத்துளை விடுங்கள், பக்கத்தில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை நிறுத்தாதீர்கள்.

‘ஹம்’ வருகிறது. எங்கே தேடுவது?

சுரத்தைக் கேளுங்கள். மின் இணைப்பின் அதிர்வெண்ணிலேயே, 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், உருண்டையாக ஒலித்தால் அது தரைச் சுழற்சி (தரைக் கம்பிகள் இரண்டு பாதைகளில் இணைந்து வளையமாவது), டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், அல்லது ஹீட்டர் கம்பி. அதன் இரு மடங்கில் சற்றுக் கரகரப்பாக ஒலித்தால் வழங்கலின் வடிகட்டல் போதவில்லை, அல்லது வடிகட்டிக் கெப்பாசிட்டரின் தரைக் கம்பி சிக்னல் தரையோடு பாதையைப் பகிர்ந்துகொள்கிறது.

எல்லாத் தரைக் கம்பிகளும் ஒரே புள்ளியில் கூடட்டும். அந்தப் புள்ளி பெட்டியோடு ஒரே இடத்தில் இணையட்டும். உள்ளீட்டு ஜாக்குகளைப் பெட்டியிலிருந்து தனிமைப்படுத்துங்கள். டிரான்ஸ்ஃபார்மரைக் கெட்டியாகத் திருகுவதற்கு முன், ஸ்பீக்கரை இணைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். சில கோணங்களில் ‘ஹம்’ சட்டென்று அடங்கும்.

வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்கிறதே?

உள்ளிருக்கும் மின்முனைகள் அதிர்கின்றன. பென்சிலால் மெல்லத் தட்டும்போது கொஞ்சம் கேட்பது இயல்பு. சாதாரண ஒலியளவிலேயே ரீங்காரமிட்டால் வால்வை மாற்றவும். சாக்கெட்டை ரப்பர் வளையங்களின் மேல் பொருத்துவதும் உதவும். கிரிட் முனையை ஒட்டி 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சாலிடர் செய்வது நல்ல பழக்கம். அது ரீங்காரத்தை நிறுத்தாது, ஆனால் காதுக்கு எட்டாத அதிர்வெண்களில் வால்வு தானே அலைவதைத் தடுக்கும்.

ஒரே சாக்கெட்டில் வெவ்வேறு வால்வுகளைப் போட்டுப் பார்க்கலாமா?

12ஏயு7, 12ஏஎக்ஸ்7 இரண்டுக்கும் முனை வரிசை ஒன்றே. மாற்றினால் ஒன்றும் வெடிக்காது, ஆனால் மின்தடைகள் பொருந்தாது. 6டிஜே8 வேறு. அதுவும் ஒன்பது முனை கொண்டது, சாக்கெட்டிலும் உட்காரும், ஆனால் அதன் ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்கு மட்டுமே. 12.6 வோல்ட் வரும் சாக்கெட்டில் செருகினால் அதோடு அதன் கதை முடிந்தது.

முதன்முதலாக எப்படி மின்சாரம் கொடுப்பது?

ஒரு இழை பல்பை, 60 வாட் போதும், மின் இணைப்போடு தொடராக வைத்துக் கொடுக்கவும். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ குறுக்குச்சுற்று. முதல் சுற்றில் வால்வும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். வழங்கல் மின்னழுத்தங்களை மட்டும் அளக்கவும். பிறகு வால்வைச் செருகி ஆனோடையும் கேதோடையும் பார்க்கவும். பவர் ஐசியின் வெளியீட்டில் 50 மில்லி வோல்ட்டுக்குக் கீழ் நேர்மின்னழுத்தம் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம், அதுவும் தூக்கிப்போட மனம் வரும் பழைய ஸ்பீக்கராக இருக்கட்டும்.

ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைவாக இருக்கிறது. வால்வா, சுற்றா?

இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றுங்கள், சூடு ஆறிய பிறகு. குறை வால்வோடு சேர்ந்து இடம் பெயர்ந்தால் வால்வு. அதே பக்கம் நின்றால் சுற்று. சுற்று என்றால் முதலில் சாக்கெட் முனைகளின் பிடிப்பையும், அடுத்து கேதோடு மின்னழுத்தத்தையும் பார்க்கவும்.